குலசேகரத்திலிருந்து குன்ஸம் கணவாய்: சொந்த வண்டியா, அங்கே போய் வண்டி பிடிப்பதா?

"அண்ணே, நம்ம வண்டி ஸ்பிதிக்குப் போவுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவன் வாசலில் வந்து நின்றான். ஸ்பிதி என்பது ஹிமாச்சலப் பிரதேசத்தில், குன்ஸம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைப் பள்ளத்தாக்கு. கேட்டவன் எங்கள் தெருப் பையன். ரப்பர் ஷீட் வியாபாரம். போன மாதம் பழைய டீசல் மஹிந்திரா தார் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான்.

"வண்டி போவும் மக்கா. ஒனக்கு எத்தனை நாள் கிடைக்கும்?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "கூடிப்போனா பதினாறு" என்றான்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதினாறால்தான். இமயமலைக்குக் கூடாரம் கட்டிக்கொண்டு போக நினைக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஃபோர் வீல் வேண்டுமா, என்ன டயர், கூரையில் டென்ட் மாட்டலாமா என்று. எத்தனை நாள் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நான் இரண்டு முறை போனேன். முதல் முறை இங்கிருந்தே சொந்த வண்டியில். இரண்டாம் முறை ரயிலில் போய், சிம்லாவில் உள்ளூர் வண்டியையும் ஓட்டுநரையும் பிடித்துக்கொண்டு. இரண்டு முறையும் டென்ட், அடுப்பு, அரிசி எல்லாம் எங்களுடையவை. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச என்னால் முடியும்.

முதலில் எந்தச் சாலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாக (9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது) லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கம் வெளியே வந்து, கோக்சர் தாண்டினால் கிராம்ஃபு. அங்கிருந்து சந்திரா ஆற்றை ஒட்டியே சத்ரு, சோட்டா தாரா, பாதல். அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குன்ஸம் கணவாய், 4,550 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இறங்கினால் லோசர், பிறகு காசா. கிராம்ஃபுவிலிருந்து பாதல் வரை சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஐம்பதுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். அங்கே நீங்கள் பார்ப்பது மண்சாலைகூட இல்லை. ஆறு உருட்டிவிட்ட கூழாங்கல்லும் மலை உடைத்துப் போட்ட கூர்க்கல்லும் கலந்து கிடக்கும் ஒரு தடம். குறுக்கே பனி உருகி வரும் ஓடைகள். அங்கே 'நாலா' என்பார்கள். கல் சாலையில் ஓட்டி, ஆளில்லாத இடத்தில் படுத்து எழுந்து வரவேண்டும் என்ற ஆசைக்கு இந்தத் தடம்தான் சரி. மணாலி–லே சாலையில் பெரும்பகுதி இப்போது தார் போட்டதுதான். லடாக்கின் சான்ஸ்காருக்குப் போகும் ஷிங்கு லா கணவாய் 5,091 மீட்டர். முதல் பயணத்துக்கு அந்த உயரம் வேண்டாம்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

இங்கிருந்தே சொந்த வண்டியில்

தேசிய நெடுஞ்சாலை 44-இன் தெற்கு முனை நம்ம கன்னியாகுமரி. வடக்கு முனை ஸ்ரீநகர். அந்தச் சாலையில் நாகர்கோவிலைத் தாண்டி வண்டியின் மூக்கை வடக்கே திருப்பும்போது மனசுக்குள் வரும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி என்று நாடு முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் விரியும். கரிசல் மாறி செம்மண், செம்மண் மாறி கருமண், அப்புறம் கோதுமைக் காடு. இது ரயிலிலும் விமானத்திலும் கிடைக்காது.

ஆனால் கணக்கு போடவேண்டும். சண்டிகர் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். நாளைக்கு 600 என்று ஓட்டினால் ஐந்து நாள். அதற்குமேல் ஓட்டினால் மலை ஏறும்போது கை கால் ஒத்துழைக்காது. திரும்பி வர இன்னொரு ஐந்து. ஆகப் பத்து நாள் நெடுஞ்சாலைக்கே போய்விட்டது. தம்பியின் பதினாறில் மீதி ஆறு. அந்த ஆறு நாளில் மலையை எப்படி முடிப்பது? சிம்லா, கின்னௌர் வழியாக மெதுவாக ஏற முடியாது. மணாலி வழியாக நேராக ஏறித்தான் ஆகவேண்டும். நாங்கள் செய்ததும் அதைத்தான்.

அப்போது எங்களுக்கும் இருந்தது பதினேழு நாள். நானும் சித்தப்பா மகன்கள் இருவரும். செப்டம்பர் மாதம். மணாலியில் ஒரு ராத்திரி மட்டும் தங்கினோம். மணாலி 2,050 மீட்டர். மறுநாள் விடியுமுன் கிளம்பி, சாயங்காலம் சந்திரதால் ஏரிக்குக் கீழே கூடாரங்கள் போடும் மைதானத்தில் டென்ட் அடித்தோம். அது 4,200 மீட்டருக்கு மேலே. ஒரே பகலில் 2,000 மீட்டருக்கு மேல் தூக்கத்தின் உயரம் ஏறிவிட்டது. 3,000 மீட்டரைத் தாண்டினால் இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் நிற்கவேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். எங்களுக்கு அது தெரியும். நாள் இல்லை என்பதற்காக அதை மீறினோம்.

சின்னவனுக்கு எட்டு மணிக்குத் தலைவலி. பத்து மணிக்கு வாந்தி. வழியில் சாப்பிட்ட ராஜ்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். விடியற்காலையில் அவன் ஒதுங்கப் போனபோது காலடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுவதைப் பார்த்தேன். கோடு போட்டதுபோல் குதிகாலை விரலுக்குமுன் வைத்து நடந்து காட்டச் சொன்னேன். நாலு அடி வைப்பதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டான். டென்டைச் சுருட்டவில்லை. அப்படியே அள்ளி வண்டிக்குள் போட்டுக்கொண்டு இறங்கினோம். கோக்சர் வந்து சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது, மதியம் சோறு கேட்டான். உயரத்தால் வரும் மூளை வீக்கத்துக்கும் நுரையீரல் நீர்க்கோவைக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். டப்பாவில் விற்கும் ஆக்சிஜன் அந்த நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர ஆளைக் காப்பாற்றாது. தலைவலியோடு தள்ளாட்டம் சேர்ந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விவாதமே வேண்டாம், இறங்கவேண்டும்.

குன்ஸம் கணவாயை அந்த முறை நாங்கள் பார்க்கவே இல்லை. அதற்குச் சுமார் இருபது கிலோமீட்டர் முன்னால் திரும்பினோம். போகவர ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டி. நாள் குறைந்தால் அந்தக் குறை வேறெங்கும் போவதில்லை, நேராகப் படுக்கையின் உயரத்தில் வந்து விழுகிறது. தம்பியிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

சொந்த வண்டியின் நன்மையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கிளட்ச் எங்கே பிடிக்கும், பிரேக் எவ்வளவு மிதிக்கவேண்டும் என்று காலுக்குத் தெரியும். கல் சாலையில் அந்தப் பழக்கம் பெரிய பலம். குட்டி சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், காற்றடிக்கும் கம்ப்ரஸர், இழுக்கும் கயிறு எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம். கயிற்றை நான் கொளச்சலில் வள்ளத்துக்குக் கயிறு விற்கும் கடையில் வாங்கினேன். இழுவைக்கென்று விற்கும் பட்டைகளைப்போல அது நீண்டு கொடுக்காது, அதனால் வெட்டி இழுக்காமல் மெதுவாக மட்டும் இழுக்கவேண்டும். அதற்கு நன்றாகவே தாங்கியது.

சம்பா அரிசி கொண்டுபோகிறவர்கள் குக்கரை மறக்கக்கூடாது. 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் நம்ம சிவப்பரிசி எத்தனை மணி நேரம் கிடந்தாலும் நடுவில் கல்லாகத்தான் இருக்கும். சின்ன கேஸ் கேனில் எரியும் அடுப்பும் விடியற்குளிரில் மூச்சு விடாது. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும். நான் ராத்திரி கேனைச் சாரத்தில் (லுங்கியில்) சுற்றித் தூக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுப்பேன். காலையில் அது எரிந்தால்தான் சுக்குக் காப்பி.

செலவைப் பார்ப்போம். போகவர ஏறக்குறைய 7,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 625 லிட்டர். டீசல் 95 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சுங்கத்துக்கு 2025 ஆகஸ்ட் முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது, தொடங்கியபோது 3,000 ரூபாய். வாடகைக்கு ஓடாத கார், ஜீப்புகளுக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 200 முறை அல்லது ஓர் ஆண்டு, எது முதலோ அதுவரை. இந்தப் பயணத்துக்கு அது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டிய ஒன்று. அப்புறம் காப்பீடு. சாதாரண முழுக் காப்பீட்டில், தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்கவேண்டும். நாலாவில் இறங்கப்போகிறவன் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பட்டும்.

டயர் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. சத்ருவுக்கும் சோட்டா தாராவுக்கும் நடுவில் ஒரு கல் எங்கள் பின் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் திரி ஒன்றும் செய்யாது. ஸ்டெப்னியை மாட்டினோம். அதற்குமேல் ஸ்டெப்னி இல்லாமல்தான் சந்திரதால் வரை போனோம், நோயாளியோடு இறங்கியதும் அப்படித்தான். அடுத்த டயர் மணாலியில்தான் கிடைத்தது. சொந்த வண்டி என்றால் இரண்டு ஸ்டெப்னி எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் கட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

அங்கே போய் நாமே ஓட்டும் வாடகை வண்டி

இதை நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேண்டாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிகள் சண்டிகரிலும் டெல்லியிலும் கிடைக்கும். பழக்கமில்லாத கிளட்சோடு, யாரோ தேய்த்த டயரோடு, நாட்டிலேயே மோசமான சாலைகளில் ஒன்றில் முதல்முறையாக அந்த வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தை வாசித்தால் அடிப்பாகம் அடிபட்டாலோ தண்ணீர் புகுந்தாலோ முழுப் பொறுப்பும் நம்முடையது என்று பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் ஸ்பிதியே கூடாது என்று எழுதியிருக்கும். லடாக் பக்கம் போவதாக இருந்தால் இன்னும் சிக்கல். வெளி மாநில வாடகை வண்டிகளை லேயைத் தாண்டிச் சுற்றிப்பார்க்க உள்ளூர்ச் சங்கத்தார் விடுவதில்லை. ஹிமாலயக் கல் சாலையில் ஏற்கெனவே ஓட்டிப் பழகி, வண்டியை ஒரு நாள் முழுக்கச் சோதித்து எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்த வழியை விட்டுவைக்கிறேன்.

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாம் விமானத்தில் போவது என்று ஒரு யோசனையும் சிலர் சொல்வார்கள். கார் ஏற்றும் லாரி எந்த நாளில் வந்து சேரும் என்பது அவர்கள் கையில். நம் லீவு நம் கையில். இரண்டும் பொருந்தினால் நல்லது. போகும்போது ஓட்டிக்கொண்டு போய், வரும்போது மட்டும் லாரியில் அனுப்பிவிட்டு ரயிலேறுவது இதைவிட நல்ல யோசனை. தாமதமானால் வீட்டில் இருந்துகொண்டு காத்திருக்கலாம். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ரயில்வே பார்சல் இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு கொடுத்தால் ஏற்றுவார்கள்.

உள்ளூர் வண்டியும் ஓட்டுநரும்

ஓட்டுவதற்காகவே போகிற ஒருவனிடம் நீ ஓட்டாதே என்று சொல்வது கஷ்டம். இந்த வழியில் இழப்பது அதுதான், வேறொன்றுமில்லை. ஸ்டீயரிங் நம் கையில் இருக்காது. அதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லாபம்.

இரண்டாவது பயணத்தில் எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் கின்னௌர்க்காரர். நம் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். காசாவிலிருந்து இறங்கும்போது, பாதல் தாண்டி ஒரு நாலாவின் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். தண்ணீரைப் பார்க்கவில்லை. நடுவில் கிடந்த ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பாறையில் தண்ணீர் ஏறி இறங்கிய வெள்ளைக் கறை ஒன்று கோடுபோல ஓடியது. அந்தக் கோடு வெளியே தெரிந்தால் போகலாம், மூழ்கியிருந்தால் நிற்கவேண்டும் என்றார். அன்று கோடு தெரிந்தது, காலை எட்டு மணி. பனி ராத்திரி உறைந்து, வெயில் ஏற ஏற உருகுவதால் இந்த ஓடைகள் காலையில் மெலிந்தும் பிற்பகலில் கொழுத்தும் ஓடும். இதை நானும் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். ஆனால் எந்தப் பாறையைப் பார்க்கவேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. தண்ணீருக்குள் முதல் கியரில் ஒரே சீராகப் போனார். நடுவில் கிளட்சைத் தொடவே இல்லை. அக்கரை ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்துக் காயவைத்துக்கொண்டார்.

இந்த வழியில் தம்பியின் பதினாறு நாள் எப்படிப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நாகர்கோவிலில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாளில் டெல்லி. நான்காம் நாள் சிம்லா, 2,200 மீட்டர். அங்கே வண்டி. ஐந்தாம் நாள் சராஹன், அதுவும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆறாம் நாள் கல்பா, 2,960. ஏழாம் நாள் தாபோ, 3,280. அங்கே கி.பி. 996-இல் கட்டிய மண் மடாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே சுவரோவியங்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும். எட்டு, ஒன்பது இரண்டு இரவும் காசா, 3,650. பகலில் கீ மடாலயத்துக்கும் கோமிக் ஊருக்கும் ஏறி, ராத்திரி காசாவுக்கே இறங்கிவிடவேண்டும். உயரே ஏறி, தாழப் படுப்பது உடம்பைப் பழக்கும். பத்தாம் நாள் லோசர், 4,000 மீட்டருக்குச் சற்று மேல். பதினொன்று குன்ஸம் ஏறி சந்திரதால். பன்னிரண்டு மணாலி. ராத்திரி பஸ்ஸில் டெல்லி, அப்புறம் மூன்று நாள் ரயில். பதினாறு முடிந்தது. மலைச்சரிவில் சாலை அடைத்துக்கொண்டால் சமாளிக்க ஒரு நாள் வேண்டும் என்றால், ஒரு பக்கமாவது திருவனந்தபுரத்திலிருந்து விமானம் எடுக்கவேண்டியதுதான்.

இதில் எந்த இரவும் முந்தின இரவைவிடத் தாவி ஏறவில்லை, கல்பாவுக்கான ஏற்றத்தைத் தவிர. அதுவும் 3,000-க்குக் கீழேதான். நாங்கள் இதே போலப் போனோம். போனமுறை தள்ளாடிய அதே சின்னவன் இந்தமுறை கோமிக்கில், 4,500 மீட்டருக்குமேல், தேநீர்க் கடைப் பெண்மணியிடம் இன்னொரு மோமோ தட்டு கேட்டு வாங்கினான்.

குன்ஸம் உச்சியில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. ஓட்டுநர்கள் அதைச் சுற்றி வண்டியோடு ஒரு பிரதட்சணம் வந்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் இறங்குவார்கள். எங்கள் ஓட்டுநரும் சுற்றினார். அந்தச் சுற்றின் நடுவில் பின்சீட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். டயர்தான் என்று நினைத்து எல்லோரும் திரும்பினோம். மார்த்தாண்டத்தில் வாங்கி சீல் பிரிக்காமல் வைத்திருந்த ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட். கடல் மட்டத்தில் அடைத்த காற்று அந்த உயரத்தில் ஊதிப் பெருத்து வெடித்திருந்தது. வெளியே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் 57 சதவிகிதம்தான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே நூறு குதிரைத்திறனில் அறுபதைத்தான் கொடுக்கும் என்பதும் இதே கணக்குத்தான். டர்போ டீசலுக்கு அவ்வளவு இழப்பு இல்லை. அந்த விஷயத்தில் தம்பியின் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வழிக்குச் சில முன்னேற்பாடுகள் உண்டு. கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், நாள் வாடகை பேசுங்கள். இல்லையென்றால் தண்ணீர் வடியக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஓட்டுநருக்கு நஷ்டமாகத் தோன்றும். டென்ட் போடப்போகிறோம், எந்தெந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் நம் செலவு என்று பேசிவிடுங்கள். ஆளில்லாத வெளியில் இவர்கள் டென்டுக்குள் படுத்துக்கொள்ள, நான் சீட்டில் உட்கார்ந்து விறைக்கணுமா என்று அவர் நினைத்தால் நியாயம்தான். கேஸ் கேனையும் சிலிண்டரையும் ரயிலிலும் விமானத்திலும் ஏற்றக்கூடாது, சிம்லாவிலோ மணாலியிலோ வாங்கிக்கொள்ளலாம். காசாவில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அரசு மருத்துவமனையும் இருக்கிறது. கிராம்ஃபுவுக்கும் லோசருக்கும் நடுவில் இரண்டும் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பகுதி இல்லை.

பணம் என்று பார்த்தால், நாங்கள் நான்கு பேர் பங்கிட்டபோது தலைக்கு வந்த செலவு முதல் பயணத்தைவிடப் பெரிதாக ஏறவில்லை. டீசல், டயர், வழியில் ஐந்தும் ஐந்தும் பத்து இரவு லாட்ஜ் வாடகை எல்லாம் அதில் கழிந்துவிடுகிறதே. இரண்டு பேர் மட்டும் போனால் கணக்கு சொந்த வண்டிப் பக்கம் சாயும்.

எங்கே படுப்பது

கூரையில் மடித்து வைக்கும் டென்ட் பார்க்க அழகாக இருக்கிறது, தம்பிக்கும் அதன்மேல்தான் கண். அது ஐம்பது அறுபது கிலோ. பக்கவாட்டில் சரிந்த கல் தடத்தில் அந்த எடை உச்சியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 4,000 மீட்டரில் ராத்திரி இரண்டு முறையாவது ஒதுங்கப் போகவேண்டி வரும், உயரத்துக்கு உடம்பு பழகும்போது அது சகஜம். உறைந்த ஏணியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வண்டிக்குள்ளேயே படுக்கலாம் என்றால் தாரில் காலை நீட்ட இடமில்லை. போலேரோ, இன்னோவா என்றால் ஒருவர் படுக்கலாம்.

தரையில் அடிக்கும் நல்ல டென்ட் போதும். பணத்தை டென்டில் போடாதீர்கள், தூக்கப் பையிலும் கீழே விரிக்கும் மேட்டிலும் போடுங்கள். செப்டம்பர் ராத்திரி சந்திரதால் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழே தரையிலிருந்துதான் ஏறும். ஆணி இறங்காத கல் தரை அது. கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டவேண்டும். ஏரிக்கரையில் டென்ட் போடக்கூடாது. சந்திரதால் 2005-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கூடாரங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இடம். அந்தத் தண்ணீரைப் பார்த்தபின், அப்படித் தள்ளி வைத்தது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றியது.

எப்போது

ரப்பர்காரனுக்கு ஓய்வு இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான். அப்போது குன்ஸம் பனிக்குள் புதைந்து கிடக்கும். ஜூனில் திறக்கும், சில ஆண்டு மே கடைசியிலேயே. ஜூனில் நாலாக்கள் நிறைந்து ஓடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் மழை குறைவுதான், ஆனால் அங்கே போய்ச்சேரும் கின்னௌர், மணாலிச் சாலைகளில் மண் சரியும். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரைதான் என் சாய்ஸ். தண்ணீர் வடிந்திருக்கும், வானம் துடைத்ததுபோல் இருக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதற்கிடையில் தார் சும்மா நிற்கவேண்டியதில்லை. நம்ம மாவட்டத்தில் கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கத்து எஸ்டேட் சாலைகளில், உரிமையாளரின் அனுமதியோடு, கல் தடத்தில் ஓட்டிப் பழகலாம். வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகக்கூடாது, கூடாரம் போடுவது அறவே கூடாது. பழகவேண்டியது மூன்று விஷயம்: பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் இறங்குவது, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் வண்டி கல்லின்மேல் எப்படி மிருதுவாக உருளுகிறது என்று பார்ப்பது, சரிவில் தனி ஆளாக ஸ்டெப்னி மாற்றுவது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவன் வழிவிடவேண்டும் என்ற விதியும் கைக்குப் பழகிவிடும். உயரத்தை மட்டும் இங்கே பழக முடியாது. மகேந்திரகிரியே சுமார் 1,650 மீட்டர், ஊட்டி 2,240. உயர நோய் தொடங்குவது 2,500-க்கு மேலே. அதற்கான மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளவேண்டும், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஆக, என் தீர்ப்பு இது. 24 நாள் கையில் இருந்தால், ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால், சொந்த வண்டிதான். போகும்போது சிம்லா வழி, வரும்போது மணாலி வழி. நாள் அதைவிடக் குறைவு என்றால் உள்ளூர் ஓட்டுநர்தான்.

தம்பி அன்று முகம் வாடித்தான் போனான். மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்தான்.

"அண்ணே, அடுத்த வருஷம் கடையைத் தம்பிட்ட விட்டுட்டு ஒரு மாசம் போட்டா தார எடுக்கலாம்லா?"

"எடுக்கலாம் மக்கா. நானும் வாறேன், பாதி தூரம் நான் ஓட்டுறேன்."

இந்த வருஷத்துக்கு ரயில். முன்பதிவு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும், அந்தத் தேதியைக் கடைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். என்னுடைய தூக்கப் பையையும் கொளச்சல் கயிற்றையும் மூன்று லிட்டர் குக்கரையும் எடுத்துக்கொண்டு போனான். குக்கரின் வாஷர் பழசு. வடசேரியில் புதிது வாங்கிப் போட்டு, ஒருமுறை வீட்டிலேயே சோறு வடித்துப் பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.